மனநோய் மாத்திரையும் உறக்கமும்

மனநோய்க்காக அரசினர் மருத்துவமனையில் கொடுக்கப்படும் மாத்திரைகள் யாவற்றையும் நம் கிராம மக்கள் ‘தூக்க மாத்திரை’ என்னும் ஒரே பெயரால் வழங்கி வருகின்றனர். பெயர்தானே, அதனால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு உண்டு. தூக்க மாத்திரை என்றால் தூக்கம் வராதவனுக்குக் கொடுப்பது; தூக்கம் வந்துவிட்டால் நிறுத்திவிடலாம்; பகலில் தூங்கி வழிந்தால் கட்டாயம் நிறுத்தவேண்டும்; பக்கத்து வீட்டுக் கிழவிக்குத் தூக்கம் வரவில்லையென்றால் அவளுக்கும் ஒன்று கொடுக்கலாம். இவ்வாறெல்லாம் அந்தப் பெயரிலிருந்தே முடிவுகள் பிறந்துவிடுகின்றன. இவற்றுள் ஒன்றேனும் சரியன்று.

சாலை, குடிநீர், எரு, விதை என்பவை பற்றியே இப்பக்கங்களில் எழுதிவரும் நாம் மருந்தைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று வாசகர்கள் வியப்படையக் கூடும். நாம் வைத்தியர் அல்லோம். ஆயினும், இவ்விஷயத்தை அறியாமையால் ஒரு மனிதருடைய வேலையைப் பறித்துவிட இருந்தோம். அந்தக் கதையை முதலில் கூறிவிடுவதே முறை.

2022-ம் ஆண்டில் எமது வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு பஞ்சாயத்திலிருந்து மனு ஒன்று வந்தது. மேல்நிலைத் தொட்டியை இயக்குபவர் விடியற்காலை ஐந்து மணிக்கு மோட்டாரைப் போடவேண்டியவர், வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் ஆறரைக்கும் ஏழுக்கும் வருகிறார். ஒருநாள் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டியடியிலேயே உறங்கிவிட்டமையால் தொட்டி நிரம்பித் தெருவெல்லாம் நீர் ஓடிற்று. ஆளை எழுப்பினால் நாக்குக் குழறுகிறது. குடித்துவிட்டு வருகிறார் என்று ஐயப்படுகிறோம். வேறு ஆளை நியமித்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்பது மனுவின் சாரம். அங்கத்தினர் பலர் அதில் கையொப்பமிட்டிருந்தனர். தண்ணீருக்காகக் குடத்துடன் காத்து நின்று, பின்பு கூலி வேலைக்கும் பள்ளிக்கூடத்திற்கும் பிந்திச் சென்ற பெண்டிரும் பிள்ளைகளும் அந்த ஊரில் இருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். மனுவில் கண்ட குறை பொய்யன்று. நாமும் தாமதியாமல், பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தரும்படி கடிதம் அனுப்பிவிட்டோம்.

விளக்கத்துடன் வந்தவர் அவருடைய தாயார். முந்தானையில் முடிந்திருந்த மாத்திரை அட்டைகளை மேசைமேல் வைத்து, “ஐயா, என் மகன் குடிக்கிறவன் இல்லை, மாத்திரை சாப்பிடுகிறவன். மூன்று வருஷமாகச் சாப்பிடுகிறான். அதற்கு முன் அவன் இருந்த நிலையை ஊரார் மறந்துவிட்டார்கள், நான் மறக்கவில்லை. வேலை போய்விடுமென்று சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுகிறேன் என்கிறான். எனக்கு வேலையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்” என்றார். அந்த அம்மையாருக்கு அன்று கூறுவதற்கு எம்மிடம் விடை இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல வைத்தியரைக் கண்டு பேசிய பின்னரே விடை கிடைத்தது. அவரிடமிருந்தும், பின்னர் படித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் நோயைப் பற்றி ஒரு சொல். மனச்சிதைவு போன்ற நோய்களில் பிறர் காதில் விழாத குரல்கள் கேட்கும்; யாரோ தன்னைக் கொல்லச் சதி செய்வதாக உறுதியான எண்ணம் உண்டாகும். இவை வெளிப்படையாகத் தெரிவதற்குப் பல நாட்களுக்கு முன்பே உறக்கம் கெடத் தொடங்குவது மிகவும் சாதாரணம். இரவில் திண்ணையில் எழுந்து உட்காருவது, தெருவில் நடப்பது, பகலில் உறங்கி இரவில் விழிப்பது என்று அது தொடங்கும். நலமடைந்து வாழ்பவருக்கு நோய் மறுபடியும் வருவதாயினும், பெரும்பாலும் முதலில் தெரியும் அடையாளம் உறக்கக் குறைவே. மழைக்கு முன் எறும்பு முட்டை சுமப்பதைக் கண்டு களத்து நெல்லை வாருகிற குடியானவர், இந்த அடையாளத்தையும் கண்டுகொள்ள முடியும். இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து உறக்கமில்லையென்றால், மாதாந்திர முறை வரட்டும் என்று காத்திராமல் வைத்தியரிடம் செல்லவேண்டும்.

இனி மருந்து. நம் நாட்டில் சர்ப்பகந்தி என்னும் மூலிகை வேர் சித்தப்பிரமைக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. 1931-ம் ஆண்டில் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் அதன் குணத்தை வைத்தியப் பத்திரிகையில் எழுதினர். அவ்வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்ப்பின் என்னும் பொருள் 1950-களில் பல நாடுகளிலும் மனநோய்க்குக் கொடுக்கப்பட்டது. இரத்த அழுத்தம் குறைதல், மனச்சோர்வு முதலிய தொல்லைகளாலும், அதனினும் நல்ல மருந்துகள் வந்துவிட்டமையாலும் அவ்வழக்கம் பின்னர் அருகிவிட்டது. நாட்டு மருந்துக் கடையில் வேர்ப்பொடி வாங்கி, மாத்திரையுடன் கூட்டி உண்ணும் வழக்கம் சில இடங்களில் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறோம். வைத்தியருக்குத் தெரியாமல் அவ்வாறு செய்யலாகாது; எழுந்து நின்றால் கண் இருண்டு விழுமளவுக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிடக் கூடும்.

இப்போதைய மருந்துகளின் வரலாறு பிரெஞ்சு நாட்டில் தொடங்குகிறது. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் மாத்திரையைத் தின்றால் தூக்கம் வருவதை வாசகர்கள் அனுபவத்தில் அறிவார்கள். அந்த வகை மருந்துகளை ஆராய்ந்துகொண்டிருந்த போது, 1950-ம் ஆண்டின் இறுதியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் சோதனைச் சாலையில் குளோர்ப்ரோமசின் என்னும் பொருள் ஆக்கப்பட்டது. ஹென்றி லபோரி என்ற கடற்படை இரண வைத்தியர் அதை அறுவைச் சிகிச்சைக்குமுன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் உறங்கிவிடவில்லை; விழித்தபடியே கவலையற்று அமைதியாக இருந்தனர். 1952-ம் ஆண்டில் பாரிஸ் நகரத்து செயின்ட் ஆன் மருத்துவமனையில் ஜான் டிலே, பியேர் டெனிக்கர் என்னும் இரு வைத்தியர்கள் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தனர். கட்டிவைக்கப்பட்டிருந்தவர்களும் அமைதியடைந்து, கேட்டதற்கு விடை சொல்லும் நிலைக்கு வந்தனர். இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது யாதெனில், வெறும் உறக்கத்தைத் தரும் மருந்துகள் அதற்குமுன்பே உலகில் ஏராளமாக இருந்தன. அவற்றால் நோயாளி உறங்கினாரேயன்றி, விழித்தபின் குரல்கள் கேட்பது நிற்கவில்லை. புதிய மருந்தின் பெருமை உறக்கம் தந்ததில் இல்லை. உறக்கம் அதனோடு ஒட்டிவந்த ஒன்று.

ஏன் ஒட்டிவந்தது? மூளையில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செய்தி கொண்டு செல்லும் இரசாயனப் பொருள்கள் பல உள்ளன. அவற்றைப் பல மடைகள் கொண்ட வாய்க்காலுக்கு ஒப்பிடலாம். டோப்பமின் என்னும் பொருள் ஒரு மடை. மனச்சிதைவில் அது மிகுதியாகப் பாய்கிறது. மருந்து அந்த மடையை அடைக்கிறது. குரல்களும் பொய்யான அச்சங்களும் தணிவது இதனாலேயே. ஹிஸ்டமின் என்பது இன்னொரு மடை. மூளையின் அடிப்பகுதியில் ஒரு சிறு இடத்தில் பிறந்து, மூளை முழுவதையும் விழிப்பாக வைத்திருப்பது அதன் தொழில். மருந்து அதையும் சேர்த்து அடைக்குமாயின் விழிப்புக் குறைந்து உறக்கம் வருகிறது. சளி மாத்திரை தூக்கம் தருவதும் இந்த மடையை அடைப்பதனாலேதான். இன்னும் சில மடைகளும் அடைபடுவதால் வாய் உலர்தல், மலச்சிக்கல், எழுந்து நிற்கும்போது மயக்கம் ஆகியவை ஏற்படுகின்றன.

எந்த மருந்து எந்த மடையை எவ்வளவு அடைக்கும் என்பதில் மருந்துக்கு மருந்து வேறுபாடு பெரிது. குளோர்ப்ரோமசின், குளோசபின், ஓலான்சபின், குவெட்டியாபின் என்பவை உறக்கம் மிகுதியும் தருபவை; குளோசபின் உண்பவருக்கு இரவில் உமிழ்நீர் பெருகித் தலையணை நனைவதும் உண்டு. ரிஸ்பெரிடோன் நடுத்தரமானது. ஹாலோபெரிடால் அவ்வளவாக உறக்கம் தருவதன்று. அரிப்பிப்ரசோல் என்பது சிலருக்கு உறக்கத்தைத் தருவதற்கு மாறாகக் கெடுத்தே விடுகிறது. ஆகவே அதைக் காலையில் உண்ணும்படி வைத்தியர்கள் கூறுவதுண்டு. ‘எல்லாம் தூக்க மாத்திரைதான்’ என்பது இதனாலும் பொருந்தாது.

நம் வீடுகளில் நேரும் பெருந்தவறு ஒன்றுக்குக் காரணம் காலக் கணக்கை அறியாமையே. மருந்து தொடங்கிய முதல் நாளிலேயே உறக்கம் வந்துவிடுகிறது. நோய் தணிவதோ மெல்ல மெல்ல. பல வாரங்கள் ஆகும். எனவே முதல் பத்து நாட்களில் வீட்டார் காண்பது உறக்கத்தை மட்டுமே. ‘மகனைத் தூங்க வைத்துவிட்டார்கள், குணப்படுத்தவில்லை’ என்று மனம் வெறுத்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சில வாரம் பொறுத்திருந்தால் தலைகீழான காட்சியைக் கண்டிருப்பார்கள். உடல் பழகப் பழகப் பெரும்பாலோருக்கு இந்த உறக்கமிகுதி ஓரளவேனும் குறைகிறது. நோயின் வேகமும் அடங்கிவருகிறது. நாற்று நட்ட மறுநாள் பயிர் துவண்டு மஞ்சளாய் நிற்பதைக் கண்டு எந்தக் குடியானவரும் வயலை உழுதுவிடுவதில்லை.

உறக்கம் வருவது தீமை என்றும் சொல்வதற்கில்லை. பல நாட்கள் உறங்காமல் தவித்தவருக்கு முதல் வாரத்து உறக்கம் பெரிய ஆறுதல். ஓலான்சபின் போன்ற மருந்துகளால் உறக்கத்தின் ஆழ்ந்த பகுதி நீள்கிறது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். வீட்டில் மற்றவர்களும் அன்றுதான் நிம்மதியாகக் கண்ணயர்கிறார்கள். தீமையாவது, அவ்வுறக்கம் பகலுக்குள் நீண்டு வருவதே.

இப்போது தொட்டி இயக்குபவரிடம் திரும்புவோம். அவர் உண்டுவந்தது ஓலான்சபின். மாலையில் இரண்டாம் முறை நீர் ஏற்றி, தெருக்குழாய்களைத் திறந்து மூடி, வீடு சென்று உணவருந்தி, மாத்திரை போடுகையில் இரவு பதினொரு மணி ஆகிவிடும். உட்கொண்ட ஓலான்சபின் இரத்தத்தில் உச்ச அளவை அடைவதற்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடிக்கிறது. பதினொன்றுடன் ஆறைக் கூட்டினால் விடியற்காலை ஐந்து. மோட்டார் போடவேண்டிய அதே வேளை! வைத்தியர் இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது, குடிகாரர் என்று ஐயுற்றுக் கடிதம் எழுதிய எமக்கு வெட்கமாக இருந்தது.

வைத்தியர் மாத்திரை நேரத்தை இரவு எட்டு மணிக்குள் மாற்றினார். அதற்கேற்ப மாலை நீரேற்றத்தை முன்னதாக முடித்துக்கொள்ளப் பஞ்சாயத்துத் தலைவர் இசைந்தார். காலை ஐந்து மணி என்பதை ஐந்தரை ஆக்கினார்கள். இது மட்டும் போதவில்லை. ஓலான்சபின் உடலில் பாதியளவாகக் குறைவதற்கே ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆதலால் நேரத்தை மாற்றினால் மட்டும் மயக்கம் முற்றிலும் நீங்கிவிடாது. நோய் நெடுநாள் அடங்கியிருந்தமை கண்டு, வைத்தியர் அடுத்தடுத்த முறைகளில் அளவையும் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்த்தார். மூன்றாம் மாதத்தில் மனு கொடுத்தவர்களே மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தாமே மாத்திரையைப் பாதியாக உடைத்துவிட வேண்டாம். இவருக்குப் பொருந்தியது இவர் நோயின் நிலையறிந்து வைத்தியர் செய்தது. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளும் இருக்கின்றன. அவற்றை உடைத்தால் முழு மருந்தும் ஒரே சமயத்தில் இறங்கிவிடும்.

விவசாய வேலையில் இந்த உறக்கம் ஆபத்தாக முடியும் இடங்களை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். மருந்து தொடங்கிய வாரங்களிலும், அளவை உயர்த்திய நாட்களிலும் டிராக்டர் ஓட்டுதல், கதிரடிக்கும் இயந்திரத்தில் கதிர் கொடுத்தல், தென்னை பனை ஏறுதல், இரு சக்கர வண்டியில் நெடுந்தூரம் செல்லுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் நம் பக்கத்தில் இன்னும் எத்தனை! இரவில் மின்சாரம் வரும் முறையில் நீர் பாய்ச்சச் செல்பவர் இம்மருந்து உண்பவராயின், அம்முறையை அண்ணனோ தம்பியோ மாற்றிக்கொள்வது நலம். உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு விழித்திருப்பது நோய்க்கும் ஆகாது. இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது, கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்த பின்னரே நிற்கவேண்டும்.

மதுவைப் பற்றித் தனியே கூறவேண்டும். மருந்தும் மயக்கம் தருவது, மதுவும் மயக்கம் தருவது. இரண்டும் சேர்ந்தால் மூச்சே தளர்ந்துவிடக் கூடும். திருவிழா நாளில் மாத்திரையை விட்டு மதுவை அருந்துவோரும் உளர். அதனால் இரண்டு கேடும் சேர்கின்றன.

பீடிக்கும் இந்த மாத்திரைக்கும் உள்ள தொடர்பைக் கேட்டபோது நாமே வியந்தோம். புகையிலைப் புகையில் உள்ள பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, ஓலான்சபினையும் குளோசபினையும் விரைவில் கழித்துவிடச் செய்கின்றன. நாள்தோறும் கட்டுக்கட்டாகப் பீடி குடிப்பவருக்கு வைத்தியர் அதற்கேற்ற அளவையே கொடுத்திருப்பார். அவர் ஒருநாள் பீடியை அடியோடு விட்டுவிட்டால், அதே மாத்திரை உடலில் அதிகமாகத் தங்கி, சில நாட்களில் உறக்கம் பெருகிவிடும். குளோசபினில் இது ஆபத்தாகவும் முடியலாம். பீடியை விடுவது மிகவும் நல்ல காரியம். விடும்போது வைத்தியரிடம் சொல்லிவிட்டு விடவேண்டும்.

இனி இதற்கு நேர்மாறான ஒன்றைக் கூறுகிறோம். இம்மருந்துகளால் சிலருக்கு உறக்கம் வருவதற்குப் பதில், உட்கார முடியாத பரபரப்பு உண்டாகிறது. கால்கள் நிலைகொள்ளா, உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும், படுத்தால் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். ஹாலோபெரிடாலில் இது மிகுதி, மற்றவற்றிலும் உண்டு. எமது வட்டாரத்திலேயே ஒரு பெண்மணி ஊசி மருந்து தொடங்கிய பிறகு இரவெல்லாம் களத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நோய் முற்றிவிட்டது என்று சிலரும், காற்றுச் சேட்டை என்று சிலரும் கூறினர். கணவரோ இன்னும் ஒரு மாத்திரை கூடுதலாகக் கொடுத்தார்; நடை அதிகமாயிற்று. மருந்தினால் வந்த பரபரப்புக்கு அதே மருந்தைக் கூட்டிக் கொடுத்தால் வேறென்ன நிகழும்? வைத்தியர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “அம்மா, பயத்தினால் நடக்கிறீர்களா, கால் சும்மா இருக்கவொட்டாமல் நடக்கிறீர்களா?” “கால்தான் ஐயா, காலுக்குள் ஏதோ ஊர்கிறது” என்றார் அவர். அளவைக் குறைத்தும், வேறு ஒரு மாத்திரை சேர்த்தும் ஒரு வாரத்திற்குள் அது தணிந்தது. இந்தத் தவிப்புப் பொறுக்கவொண்ணாதது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை கொண்டு செல்லக் கூடியது. ஆகவே, வீட்டார் மேற்கண்ட கேள்வியைத் தாமே கேட்டுப் பார்த்து, விடை ‘கால்’ என்றிருப்பின் மறுநாளே வைத்தியரிடம் செல்லவேண்டும்.

எட்டு மணி நேரம் உறங்கியும் களைப்புத் தீராதவர்களும் இருக்கிறார்கள். ஓலான்சபினும் குளோசபினும் பசியை மிகுவித்து உடலைப் பருக்கச் செய்கின்றன. சர்க்கரை நோய்க்கும் இடமுண்டாகிறது. கழுத்துப் பருத்தால் உறக்கத்தில் தொண்டை அடைபட்டு, பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறி எழுவதும் ஏற்படலாம். இதை நோயாளி அறியார். அருகில் படுத்திருப்பவரே அறிவார். அவர் சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியும். மாதந்தோறும் எடை பார்த்துக்கொள்வது எளிய காரியம். வீட்டில் தராசு இல்லையென்றால் துணைச் சுகாதார நிலையத்தில் உண்டு.

ஒருவருடைய மாத்திரையை மற்றொருவருக்குக் கொடுக்கும் வழக்கத்தை முன்னரே குறித்தோம். முதுமையில் நினைவு தடுமாறும் பெரியோர்கள் இரவில் உறங்காமல் தொல்லை தருகிறார்கள் என்று, பேரனுடைய மாத்திரையில் ஒன்றைப் பாலில் கரைத்துக் கொடுப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். அத்தகைய முதியோருக்கு இம்மருந்துகளால் கீழே விழுந்து எலும்பு முறிவதும், பக்கவாதமும், மரணமும் நேரும் அபாயம் கூடுகிறது என்பது ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்டப்பட்ட செய்தி. அவர்களுக்கு இம்மருந்து தேவைப்படும் சமயங்கள் உண்டென்றாலும் அதை முடிவு செய்பவர் வைத்தியராகவே இருக்கவேண்டும்.

மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்? சில நாட்களுக்கு உறக்கம் அறவே போய்விடலாம்; குமட்டலும் பதற்றமும் வரலாம். இவை இல்லாமல் சுறுசுறுப்பாக எழுந்து நடமாடுபவரும் உண்டு. இந்த இரண்டாவது நிலைதான் நம்மை ஏமாற்றுவது. ‘மாத்திரையை விட்டான், ஆள் தெளிந்துவிட்டான், நடவு வேலைக்கெல்லாம் வருகிறான்’ என்று ஊர் மகிழும். நிறுத்திய உடனே நோய் திரும்புவதில்லை. வாரங்களோ மாதங்களோ கழித்துத் திரும்புகிறது. அப்போது மாத்திரையை நிறுத்தியது யார் நினைவிலும் இருப்பதில்லை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பழைய நிலைக்கு வருவது முன்னைவிடக் கடினமாகலாம். உறக்கத்தின் காரணமாக மருந்தை விட விரும்புபவர் அதை வைத்தியரிடமே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது மேல். நேரத்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், உறக்கம் குறைந்த வேறு மருந்துக்குப் படிப்படியாக மாற்றலாம். வழிகள் பல உள்ளன.

நோய் திரும்பி, இரவுகள் உறக்கமற்றுப் போகும்போதுதான் சங்கிலி வெளியே வருகிறது. பகலில் வேலைக்குச் சென்று வந்த குடும்பத்தார் இரவில் கண்ணயரவேண்டும். நோயாளியோ கிணற்றுப் பக்கமும் சாலைப் பக்கமும் ஓடுகிறார். கட்டிவைப்பவர்கள் யாவரும் கொடியோர் அல்லர் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஆயினும் 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் தடுப்பது ஒருபுறமிருக்க, ஒழுங்காக மாத்திரை உண்டு இரவில் உறங்கும் ஒருவருக்குச் சங்கிலி எதற்கு?

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்குச் சில வார்த்தைகள். தூங்கி வழிபவரைக் கண்டவுடன் குடிகாரர், சோம்பேறி என்று தீர்மானம் எழுதுவதற்குமுன், மாத்திரை ஏதேனும் உண்கிறாரா என்று தனியே அழைத்துக் கேளுங்கள். கிராம சபையில் நிறுத்திவைத்துக் கேட்கவேண்டா. அவர் சொல்லமாட்டார், சொன்னாலும் ஊரில் தலைநிமிர்ந்து நடக்கமாட்டார். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்க்கப்பட்டுள்ளது. அச்சட்டத்தின்படி உள்ளாட்சி மன்றங்களும் வேலை விஷயத்தில் வேற்றுமை பாராட்டலாகாது. வேலை நேரத்தைச் சற்று மாற்றித் தருவது போன்ற வசதிகளைச் செய்யவேண்டும். ஆள் குறைவு, பணக் குறைவு என்ற பஞ்சாயத்தின் சங்கடங்களை நாம் அறியாதவர்கள் அல்லோம். அரை மணி நேர மாற்றத்திற்குப் பணம் தேவைப்படவில்லை என்பதையே எமது அனுபவம் காட்டிற்று.

மாவட்ட மனநலத் திட்டத்தின் வைத்தியர் குறித்த கிழமைகளில் அரசினர் மருத்துவமனைகளுக்கு வந்து நோயாளிகளைப் பார்க்கிறார். மாத்திரைகள் விலையின்றிக் கொடுக்கப்படுகின்றன. உங்கள் பகுதிக்கு எந்தக் கிழமை என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டறிந்து, பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதிவைக்கலாம். 2022-ம் ஆண்டு அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் தொலைபேசி வழியே கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறும் ஏற்பாடும் உள்ளது, தமிழில் பேசலாம்.

வைத்தியரிடம் செல்லும்போது வெறுங்கையுடன் செல்லாமல், பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் இவற்றை எழுதிக்கொண்டு செல்லுங்கள்: மாத்திரை போட்ட மணி, கண்ணயர்ந்த மணி, எழுந்த மணி, பகலில் உறங்கிய நேரம், இரவில் நடந்தாரா, குறட்டை உண்டா, பீடி எத்தனை. தொட்டி இயக்குபவரின் தாயாருக்கு எழுதத் தெரியாது. மோட்டார் அறையில் மாட்டியிருந்த நாட்காட்டியில், மகன் நேரத்திற்கு எழுந்த நாளுக்கு ஒரு சுண்ணாம்புப் பொட்டும், எழாத நாளுக்கு ஒரு கரிப்பொட்டும் வைத்து, அந்தத் தாள்களைக் கிழித்து மடித்து எடுத்துச் சென்றார். வைத்தியர் அவற்றைப் பார்த்தே அளவைத் தீர்மானித்தார்.